கவசத்துக்கு மடி உண்டா?

ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் வெள்ளைக் கவச வீரனுக்குச் சட்டைப்பை கிடையாது. தலை முதல் கால் வரை பளபளக்கும் கவசம் உண்டு. கையில் துப்பாக்கி உண்டு. இடுப்பில் பட்டை உண்டு. ஆனால் ஒரு வீட்டுச் சாவியை வைக்க இடமில்லை. பேரண்டத்தையே ஆளப் புறப்பட்ட சாம்ராஜ்யம், தன் சிப்பாய்க்கு ஒரு பாக்கெட் தைத்துக் கொடுக்கவில்லை!

படத்தில் இது ஒரு குறையே அல்ல. அந்தச் சிப்பாய் சண்டை முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போகப்போவதில்லை. ஆனால் அதே கவசத்தைத் தன் கையால் செய்து மாட்டிக்கொண்டு வெளியே வருகிற ரசிகர் இருக்கிறாரே, அவருக்கு வீடு உண்டு, கார் உண்டு, செல்போன் உண்டு. சிலருக்குச் சர்க்கரை நோய் உண்டு, ஆஸ்துமா உண்டு. இதையெல்லாம் அவர் எங்கே வைப்பார்?

கேட்டால் சிரிப்பு வரும் கேள்விதான். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் இது சிரிப்போடு முடிகிற சமாச்சாரம் இல்லை என்று தெரியும். தனக்குத் தேவையானதைத் தானே சுமக்காத ஒருவருக்காக வேறு யாரோ சுமக்கிறார்கள். அல்லது யாருமே சுமப்பதில்லை. இரண்டிலுமே சிக்கல் இருக்கிறது.

யார் இவர்கள்?

முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1977-ல் வந்தது. ஸ்டார்ம்ட்ரூப்பர் எனப்படும் அந்த வெள்ளை வீரர்களின் கவசம் பிளாஸ்டிக்கால் ஆனது. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சின் வடிவத்தில் படிந்துவிடும். மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தொடைக்கு, முழங்காலுக்குக் கீழே, கைக்கு என்று தனித்தனித் துண்டுகள். உள்ளே உடலை ஒட்டிய கறுப்பு உடை. அதன்மேல் இந்தத் துண்டுகளை வார், வெல்க்ரோ, பட்டன் வைத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் என்ற ரசிகர் 1997-ல் 501-வது லீஜியன் என்ற குழுவைத் தொடங்கினார். இன்று அதற்குப் பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. வில்லன்களின் வேஷம் போட்டுக்கொண்டு நல்ல காரியம் செய்பவர்கள் இவர்கள். மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளைப் பார்க்கப் போவார்கள், நன்கொடை திரட்டும் நிகழ்ச்சிகளில் நிற்பார்கள். சம்பளம் கிடையாது. கவசத்துக்கான செலவும் அவரவர் கைக்காசு.

ஆக, இவர்கள் ஐந்து நிமிஷம் போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றிப் போடுகிறவர்கள் அல்ல. மணிக்கணக்கில் கவசத்துக்குள் நிற்பவர்கள். அதனால்தான் பாக்கெட் கேள்வி முக்கியமாகிறது.

கேமராவுக்குச் செய்த உடை

கவசத்தில் பாக்கெட் இல்லாததற்குக் காரணம் எளிது. அது மனிதன் வாழ்வதற்காகச் செய்யப்பட்டதல்ல, கேமராவுக்காகச் செய்யப்பட்டது. இதை ஒரு நீதிமன்றமே வேறொரு விதத்தில் சொல்லியிருக்கிறது. இந்தத் தலைக்கவசம் சிற்பமா இல்லையா என்ற வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் தீர்ப்பு வந்தது: இது சிற்பம் அல்ல, படம் எடுப்பதற்குப் பயன்பட்ட ஒரு பொருள். வழக்கு பதிப்புரிமை பற்றியது. ஆனாலும் ரசிகர்கள் யோசிக்கவேண்டிய விஷயம் அதில் இருக்கிறது. படப்பிடிப்பு என்ற ஒரே வேலைக்காகப் பிறந்த பொருள் இது. அந்த வேலை முடிந்த பிறகு உள்ளே இருப்பவரின் தாகத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

படப்பிடிப்பில் அந்தக் கவலைக்கென்று ஆட்கள் இருந்தார்கள். மாட்டிவிட ஒருவர், கழற்ற ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். அப்படி ஆட்கள் இருந்துமே நடிகர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதே படத்தில் சி-த்ரீபிஓ என்ற தங்கநிற ரோபோவாக நடித்தவர் ஆன்டனி டேனியல்ஸ். துனிசியாவில் படப்பிடிப்பின் முதல் நாளே அந்த உடையின் கால் துண்டு உடைந்து அவர் பாதத்தில் குத்தியது. அந்த உடையில் ஒழுங்காக உட்காரக்கூட முடியாது. அவருக்கு வேண்டியதையெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள்தான் செய்தார்கள்.

நிஜக் கவசத்தின் கதையும் இதுதான். இடைக்கால ஐரோப்பாவில் முழு இரும்புக் கவசம் அணிந்த வீரர் தானாக அதை மாட்டிக்கொள்வது கடினம். ஸ்குவையர் என்றழைக்கப்பட்ட இளைஞன் கூடவே இருப்பான். வார்களைக் கட்டுவான், ஆயுதங்களை எடுத்துக்கொடுப்பான், குதிரையைப் பார்த்துக்கொள்வான். அந்தக் காலத்தில் சாதாரண உடையிலும் உள்ளே தைத்த பாக்கெட் கிடையாது. காசை ஒரு சுருக்குப்பையில் போட்டு இடுப்பு வாரில் தொங்கவிடுவார்கள். போருக்குப் போகும்போது வீரரின் சொந்தப் பொருட்கள் கூடாரத்திலும் மூட்டை முடிச்சிலும் இருக்கும். காவலுக்கு ஆள் இருக்கும்.

அதாவது முழுக்கவசம் என்பது எந்தக் காலத்திலும் தனி ஆளின் உடையாக இருந்ததில்லை. இன்னொரு மனிதரும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும். ரசிகர் கவசத்தை மட்டும் அச்சு அசலாக நகல் எடுத்தார். பின்னால் நின்ற அந்த இன்னொரு மனிதரை நகல் எடுக்க மறந்துவிட்டார்.

பையைத் தூக்குபவர்

மறந்துவிட்டார் என்பதும் முழு உண்மை இல்லை. பெரும்பாலான ரசிகர்களுக்குத் துணையாள் உண்டு. அவர் சாதாரண உடையில் இருப்பார். தலைக்கவசத்தின் கண்ணாடி வழியே கால் அருகில் இருப்பது தெரியாது, பக்கவாட்டில் வருவதும் சரியாகத் தெரியாது. 1977 படத்திலேயே ஒரு வீரர் கதவில் தலையை இடித்துக்கொள்ளும் காட்சி இருக்கிறது. ரசிகர்கள் இன்றும் அதைத் தேடித் தேடிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்! ஆகவே குழந்தைகள் காலில் விழாமல் பார்த்துக்கொள்ள, படிக்கட்டில் கையைப் பிடித்து இறக்க, கூட்டத்தை விலக்க ஒருவர் கட்டாயம் வேண்டும்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான் வருகிறது. இந்தத் துணையாள் பல சமயம் மனைவியாகவோ காதலியாகவோ தம்பியாகவோ இருப்பார். அவர் தோளில் ஒரு பை. பைக்குள் கவச வீரரின் பர்ஸ், செல்போன், கார் சாவி, தண்ணீர் பாட்டில், துண்டு, மாத்திரை, மாற்று பேட்டரி, உடைந்தால் ஒட்டுவதற்குப் பசை. நான்கு வீரர்களுக்கு ஒரு துணையாள் என்றால் நான்கு பேருடைய பர்ஸும் அங்கேதான். ஒரு நடமாடும் பீரோ!

எல்லோரும் வீரரோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக் கொடுப்பவர் துணையாள். அவர் பசித்தால் போய்ச் சாப்பிட முடியாது, ஏனென்றால் நாலு பேருடைய பணம் அவரிடம். கழிப்பறைக்குப் போனாலும் பையோடுதான் போகவேண்டும். சான் டியேகோ காமிக்-கான் போல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடும் இடத்தில் கூட்டம் ஒரு தள்ளு தள்ளினால் போதும், வீரர் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். அப்போது வீரரிடம் என்ன இருக்கிறது? பிளாஸ்டிக் துப்பாக்கி இருக்கிறது. துணையாளைக் கூப்பிட போன் இல்லை. தண்ணீர் வாங்கக் காசு இல்லை. மயங்கி விழுந்தால் இவர் யார் என்று சொல்ல ஒரு சீட்டுகூட இல்லை.

'மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்' என்பார்கள். கவசக்காரர் விஷயத்தில் பழமொழி தலைகீழ். மடியில் ஒன்றுமில்லாததுதான் பயம்.

எல்லாவற்றையும் உள்ளே திணிக்கலாமா?

அப்படியானால் எல்லாவற்றையும் கவசத்துக்குள்ளேயே ஒளித்துவைத்துவிடலாமே என்று தோன்றும். பலர் செய்கிறார்கள். இடம் இல்லாமலும் இல்லை. பட்டையின் இரண்டு முனைகளிலும் சிறு பெட்டிகள் தொங்கும். உள்ளே வெறுமைதான். மடித்த நோட்டும் ஒரு சாவியும் வைக்கலாம். முதுகுப் பக்கம் பட்டையில் படுக்கைவாட்டில் ஓர் உருளை இருக்கும். கதைப்படி அது வெடிகுண்டு. ரசிகர்களின் கவசத்தில் அது பெரும்பாலும் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய்தான். மூடியைத் திறந்தால் நல்ல டப்பா. மார்புத் தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி உண்டு. தகட்டின் உள்பக்கம் வெல்க்ரோ ஒட்டி ஒரு துணிப்பை தொங்கவிடலாம். ஓட்டக்காரர்கள் இடுப்பில் கட்டும் மெல்லிய பையைக் கறுப்பு உடையின்மேல் கட்டிக்கொண்டு அதன்மேல் கவசத்தை மாட்டலாம்.

இடம் இருக்கிறது, சரி. ஆனால் மூன்று விஷயங்கள் குறுக்கே வருகின்றன.

முதலாவது, அளவு. அந்தக் குழாயின் உள்விட்டம் சுமார் 5 செ.மீ. பழைய சின்ன பட்டன் போன் நுழைந்துவிடும். இன்றைய போனின் அகலம் சுமார் 7 செ.மீ. நுழையாது.

இரண்டாவது, கை. தோளிலும் புயத்திலும் தகடு இருப்பதால் கை முழுதாக மடங்காது, முதுகுப் பக்கம் போகாது. முதுகில் இருக்கும் டப்பாவைத் திறக்க இன்னொருவர்தான் வரவேண்டும். மார்புத் தகட்டுக்குள் இருப்பதை எடுக்கப் பாதிக் கவசத்தைக் கழற்றவேண்டும். கையுறையோடு போன் திரையைத் தொட்டால் அது பல சமயம் உணராது. விரல் ரேகையும் வேலை செய்யாது, முகத்தைக் காட்டித் திறக்கலாம் என்றால் முகமே வெளியே இல்லை! அவசரத்தில் எடுக்க முடியாத பொருள் இருந்தும் இல்லாததுதான்.

மூன்றாவது, சூடு. இதுதான் மிக முக்கியம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காற்றோட்டம் குறைவு, ஆகவே வியர்வை ஆவியாகாமல் ஈரமாகவே தங்கிவிடும். உள்ளே வெப்பமும் ஈரமும் கூடிக்கொண்டே போகும். இப்போது மருந்துகளின் கணக்கைப் பாருங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பொதுவாக 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. கடும் ஒவ்வாமைக்கு உடனடியாகக் குத்திக்கொள்ளும் எபினெஃப்ரின் ஊசியை 20 முதல் 25 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். ஐபோனையே 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். மனிதத் தோலின் வெப்பமே 33, 34 டிகிரி அளவில் இருக்கும். அதை ஒட்டி, மூடிய பிளாஸ்டிக்குக்குள் நாலு மணி நேரம் இன்சுலின் பேனாவை வைத்தால் என்ன ஆகும்? மருந்து கூடவே இருக்கிறது என்ற நிம்மதி மட்டும்தான் மிஞ்சும்.

காரிலேயே விட்டுவிட்டு வரலாமே என்பவர்களுக்கும் இதே பதில். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தவிர, கார் சாவியை எங்கே வைப்பது என்பதுதானே முதல் கேள்வி!

எது உடம்பில், எது பையில்?

எல்லாம் துணையாளிடம் என்பதும் தவறு, எல்லாம் கவசத்துக்குள் என்பதும் தவறு. பொருளுக்குப் பொருள் பிரிக்கவேண்டும். பிரிப்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: துணையாள் அரை மணி நேரம் காணாமல் போனால் எது இல்லாமல் இருக்க முடியாது?

அடையாளம் இல்லாமல் இருக்க முடியாது. பெயர், ரத்த வகை, நோய் விவரம், அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண், இவை எழுதிய ஒரு சிறு அட்டை. பிளாஸ்டிக் உறையில் போட்டால் வியர்வை பாதிக்காது. இதை ஒளித்துவைக்கக் கூடாது. தலைக்கவசத்தைக் கழற்றியதும் கண்ணில் படும் இடத்தில், உள்பக்கத்திலேயே ஒட்டிவைக்கலாம். அதன் நகல் ஒன்று கறுப்பு உடையில் இருக்கட்டும். மயங்கியவரின் தலைக்கவசத்தைத்தான் எல்லோரும் முதலில் கழற்றுவார்கள்.

கொஞ்சம் பணமும் ஒரு சாவியும் பட்டைப் பெட்டியில் இருக்கலாம். போன் இடுப்புப் பையில் இருக்கட்டும். எடுக்கச் சிரமம்தான், ஆனால் இருக்கிறது. குரலால் இயங்கும் வசதியை முன்பே அமைத்துக்கொண்டால் கையுறை ஒரு தடையில்லை.

தண்ணீர், மாற்று உடை, பசை, சூடு படக்கூடாத மருந்து இவை துணையாளின் பையில். மருந்தைக் காப்புறையில் போட்டுக் கொடுக்கவேண்டும். மருந்து தேவைப்படுபவர் கூடுதலாக ஒரு விதி வைத்துக்கொள்ளவேண்டும்: துணையாள் கண்ணில் தெரியாவிட்டால் நிகழ்ச்சி அந்த நொடியே நிற்கும். போட்டோவுக்கு எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சரி.

பர்ஸ் முழுவதும், எல்லா அட்டைகளும், நகையும் வீட்டில் இருக்கட்டும். யாருக்கும் சுமை வேண்டாம்.

அடையாள அட்டையின் நகல் துணையாளிடமும் இருக்கவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2020 மே 4 அன்று கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில், ஓர் உணவகத்தின் விளம்பரத்துக்காக வெள்ளைக் கவச வேஷத்தில் பொம்மைத் துப்பாக்கியோடு நின்ற ஓர் இளம்பெண்ணைப் போலீசார் துப்பாக்கி முனையில் தரையில் படுக்கவைத்தார்கள். அவர் மூக்கில் ரத்தம் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கவசத்துக்குள் கைவிட்டு அட்டையைத் தேடுவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. பக்கத்தில் சாதாரண உடையில் ஒருவர் நின்று பேசினால் கதையே வேறு.

அச்சு அசல் என்ற வாதம்

இதற்கெல்லாம் ஓர் எதிர்ப்பு வரும். படத்தில் இல்லாத எதுவும் வெளியே தெரியக்கூடாது, தெரிந்தால் மாயம் கலைந்துவிடும் என்பார்கள். நியாயமான வாதம். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் குழந்தை பார்க்க விரும்புவது நிஜ வீரரை, இடுப்பில் நைலான் பை கட்டிய மாமாவை அல்ல.

ஆனால் அந்த அச்சு அசல் கவசத்துக்குள் ஏற்கெனவே என்னென்ன நுழைந்துவிட்டது என்று பாருங்கள். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்கத் தலைக்கவசத்துக்குள் சின்ன மின்விசிறி வைக்கிறார்கள். குரல் ரேடியோவில் வருவது போலக் கேட்க மைக்கும் ஒலிபெருக்கியும் வைக்கிறார்கள். இவற்றுக்கு பேட்டரி, வயர். இதெல்லாம் வெளியே தெரியாது என்பதால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. குரலுக்கு இடம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு உயிருக்கு இடம் ஒதுக்க முடியாதா?

இன்னொன்று. படத்தை எடுத்தவர்களே இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். அதே 1977 படத்தில் பாலைவனக் கிரகத்தில் வரும் வீரர்களைக் கவனித்தால், அதே வெள்ளைக் கவசம்தான், ஆனால் முதுகில் பெரிய மூட்டை, இடுப்பில் பைகள். பாலைவனத்தில் நடக்கிறவனுக்குத் தண்ணீரும் சாமானும் வேண்டும் என்று உடை அமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். பின்னால் வந்த போபா ஃபெட் என்ற கூலிவேட்டைக்காரனின் உடையிலோ இடுப்பில் பைகள், கால்சட்டையில் பாக்கெட்டுகள். உடல்நிலை காரணமாக நிறையப் பொருள் சுமக்கவேண்டியவர் இந்த வேஷங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் விதியும் மீறப்படாது, உடம்பும் தப்பிக்கும்.

2007 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் ரோஜா அணிவகுப்பு நடந்தது. ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் அதற்குத் தலைமை வகித்தார். பல நாடுகளிலிருந்து வந்த சுமார் 200 லீஜியன் உறுப்பினர்கள் கவசத்தோடு நடந்தார்கள். தூரம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அணிவகுப்பில் ஒவ்வொருவர் பக்கத்திலும் பையோடு ஒருவர் நடந்துவர முடியாது. அந்த 9 கிலோமீட்டரும் ஒவ்வொருவருக்கும் தன் உடம்பில் இருப்பது மட்டும்தான் சொந்தம். எல்லா ரசிகருக்கும் அப்படி ஒரு தொலைக்காட்சி அணிவகுப்பு வாய்க்காது. ஆனால் கூட்டத்தில் துணையாளைத் தவறவிடும் அரை மணி நேரம் யாருக்கும் வாய்க்கும்.

கடைசியாக

கவசம் செய்கிறவர்கள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். தொடைத் தகட்டின் விளிம்பு அரை சென்டிமீட்டர் கூடிவிட்டால்கூட வெட்டிச் சரிசெய்கிறார்கள். அந்த உழைப்பில் ஒரு மாலைப்பொழுதை உள்ளே இருக்கப்போகிற மனிதனுக்காகவும் செலவிடலாம். ஒரு துணிப்பை, இரண்டு வெல்க்ரோ துண்டு, ஒரு அட்டை. கவசம் முடிந்துவிட்டதா என்பதைத் தோற்றத்தை வைத்து மட்டும் சொல்லாமல், இதையும் மாட்டிய பிறகு சொல்வது நல்லது.

துணையாளின் பை எத்தனை கிலோ என்று ஒருமுறை தூக்கிப் பார்ப்பதும் நல்லது. முடிந்தால் அடுத்த நிகழ்ச்சிக்கு வீரர் பையைத் தூக்கட்டும், துணையாள் கவசத்தைப் போடட்டும். அளவு பொருந்தாவிட்டால், குறைந்தபட்சம் அடுத்த போட்டோவில் அவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளட்டும்.